கம்பளத்திற் பட்ட கறை

அண்மையில் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று இவ்வாரப் பகுதி முழுவதையும் தனக்கே கேட்டு வாங்கிக்கொண்டது. எழுதியவர் கிழக்கு மாகாணத்துச் சகோதரி ஒருவர். குவைத்தில் ஏழு ஆண்டுகள் உழைத்த அவர் கணவர், விடுமுறையில் வந்தபோது கம்பளி விரிப்பு ஒன்றைத் தோளிற் சுமந்து வந்தாராம். வீட்டு முன் மண்டபத்திலே கதிரைகளை ஒதுக்கி அதற்கு இடஞ் செய்தார்கள். சில மாதங்களின் முன் மச்சாளின் நான்கு வயதுப் பிள்ளை பால்தேநீர்க் கோப்பையை அதன் நடுவிலே தட்டிவிட்டது. சகோதரி ஓடிச் சென்று சவர்க்காரக் கட்டியாற் தேய்த்தார், கறை கறுத்தது. கொதிநீர் ஊற்றினார், கறை விரிந்தது. ஈற்றில், கிணற்றுக்கு இடுவதற்கென வைத்திருந்த வெளிற்றும் தூளைக் கரைத்து ஊற்றிவிட்டார். தேநீரின் நிறம் போயிற்று. அதனுடன் கம்பளத்தின் சிவப்பும் போயிற்று. இப்பொழுது அவ்விடம் உள்ளங்கையளவு மஞ்சளாகி, விரல் பட்டாலே மயிர் பொடியாக உதிர்கிறதாம். பிள்ளைக்கு அடியும் விழுந்திருக்கிறது. அன்று போன மச்சாள் பின்னர் வாசற்படி மிதிக்கவில்லை. "அவர் வருகிற தை மாதம் வருகிறார். கேட்டால் என்ன சொல்வேன்?" என்று கடிதம் முடிகிறது.

கறை பட்டது பிள்ளையின் கையால் என்பது உண்மை. ஆயினும் கம்பளம் கெட்டது அக்கையால் அன்று. ஒரு கோப்பைத் தேநீர் ஒரு கம்பளத்தை அழித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. அதனைப் போக்கப் புகுந்த பதற்றத்தால் அழிந்த கம்பளங்களோ பல. இந்த வேறுபாட்டை விளக்குவதற்காகவே இன்று எழுதுகிறோம்.

கம்பளி என்பது செம்மறியாட்டின் மயிர். எமது தலைமயிரைப் போன்றே அதுவும் கெரற்றீன் என்னும் புரதத்தால் ஆனது. பட்டும் புரதமே. பருத்தி, சணல், தும்பு ஆகியன வேறு குலத்தவை. அவை செடி கொடி மரங்களின் செலுலோசினால் ஆனவை. குளோரீன் சேர்ந்த வெளிற்றும் தூளும் வெளிற்றும் திரவமும் வெள்ளைப் பருத்தித் துணிக்கு ஓரளவு பொருந்தும். கம்பளியையும் பட்டையும் அவை தின்றுவிடும். செறிந்த வெளிற்றும் திரவத்திற் கம்பளி நூலொன்றை இட்டு வைத்தால், அது சிறிது நேரத்திற் கரைந்து மறைவதைக் கண்ணாரக் காணலாம். ஆகவே அச்சகோதரியின் கம்பளத்திலே மஞ்சளாகத் தெரிவது கறையன்று, காயம். காயத்தைக் கழுவிப் போக்க இயலாது.

அவருக்கு நாம் கூறக்கூடியது இவ்வளவே. முதலில் அவ்விடத்தில் எஞ்சியிருக்கும் தூளை உறிஞ்சி எடுத்து, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றிப் பலமுறை நீர் மாற்றித் துடைத்துவிடுக. மருந்து உள்ளே தங்கியிருப்பின் அழிவு மேலுந் தொடரும். பின்னர் கம்பளத்தின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்க்க. முடிச்சுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தால் அது கைந்நெசவு. அடித்தளம் உறுதியாக இருப்பின், கம்பளம் செப்பனிடுவோர் அதே நிறக் கம்பளி நூல்கொண்டு அவ்விடத்திற்குப் புதிதாக முடிச்சிட வல்லர். அடிப்புறம் பசை பூசிய துணியாக இருந்தால் அது இயந்திர வேலை. ஓரத்திலோ, என்றும் அலுமாரியின் கீழ்க் கிடக்கும் மூலையிலோ இருந்து சிறிது மயிரைக் கத்தரித்து எடுத்து, வெறுமையான இடத்திற் பசையிட்டு நடலாம். பொறுமை வேண்டும் வேலை. பார்வைக்கு முற்றும் ஒத்து வராது. கணவரிடம் என்ன சொல்வது என்பதற்கு, தை மாதம் வரை காத்திராமல் அடுத்த முறை தொலைபேசியிற் பேசும்போதே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுங்கள் என்போம். மச்சாள் வீட்டுக்கு அதற்கு முன்னரே போய் வருவது நன்று.

இனி, செய்திருக்க வேண்டியது யாது என்ற கேள்விக்கு வருவோம். அதற்கு விடை சற்று நீளும்.

முதலில் விரிப்பை அறிக

கறை படுவதற்கு முன்னரே ஒவ்வொருவரும் தம் வீட்டு விரிப்பு எந்த இழையால் ஆனது என்று தெரிந்து வைத்திருத்தல் வேண்டும். கறை பட்ட பின் அதற்கு நேரம் இராது. விற்பவர் "கம்பளி" என்று சொல்வதை மட்டும் நம்பிவிடலாகாது. எமது கடைத்தெருக்களிற் கம்பளம் என்ற பெயரில் விற்கப்படுவனவற்றுட் பல எண்ணெய்க் கனிமத்திலிருந்து பிறந்த செயற்கை இழைகளே. ஓரத்தில் ஓர் இழையைப் பிடுங்கி, ஒரு பீங்கானின் மேலே சாமணத்தாற் பிடித்துக்கொண்டு தீக்குச்சியைக் காட்டுக. மயிர் கருகும் நாற்றம் எழுந்து, சுடர் தானே அவிந்து, நொறுங்கும் கரி எஞ்சினால் அது கம்பளி. கடதாசி எரிவது போல எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தியோ சணலோ ஆகும். உருகிச் சுருண்டு கட்டியான மணியாக உறைந்தால் செயற்கை இழை. நெருப்பு வேண்டாம் என்பவர்க்கு வேறொரு வழியும் உண்டு. சவர்க்காரத் துளியிட்ட நீரில் இழையை நன்கு நனைத்து அமிழ்த்திப் பார்க்கலாம். பொலிப்புரொப்பிலீன் நீரிலும் இலேசானது. எத்தனை முறை அமிழ்த்தினும் மேலே வந்துவிடும். கம்பளியும் நைலோனும் பொலியெசுத்தரும் தாழும்.

இதனை அறிவதாற் பயன் என்ன? கம்பளி காரத்திற்கும் சூட்டிற்கும் அஞ்சும். மெல்லிய அமிலத்திற்கு அஞ்சாது. சணல் ஈரத்திற்கு அஞ்சும். நீண்ட நேரம் நனைந்தால் தானே பழுப்புநிறம் கக்கி, இல்லாத கறையையும் உண்டாக்கிக் காட்டும். பொலிப்புரொப்பிலீன் நீர்க்கறைக்கு இடங்கொடாது, எண்ணெயையோ விடாது. சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் உருகிவிடும். ஒரே மருந்தை மூன்றிற்கும் இடுபவர், காய்ச்சலுக்கும் கால்முறிவுக்கும் ஒரே குளிசை கொடுப்பவரை ஒப்பர்.

சாயம் கெட்டியானதா என்பதையும் அப்பொழுதே பார்த்து வைக்கலாம். மறைவான மூலையை நனைத்து, வெள்ளைத் துணியொன்றைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். துணியில் நிறம் ஏறுமாயின் அந்த விரிப்பை வீட்டில் நீரிட்டுக் கழுவும் எண்ணத்தையே விட்டுவிடுக.

தேய்த்தலும் ஒற்றலும்

கறை கண்டவுடன் எமது கை தானாகவே தேய்க்கப் போகிறது. அடுப்படிக் கல்லையும் சீமெந்துத் தரையையும் தேய்த்துத் தேய்த்துப் பழகிய கை அது. கம்பளம் தரையன்று. அதன் மேற்பரப்பில் நிற்கும் ஆயிரமாயிரம் மயிர்களுக்கு இடையிலே திரவம் இன்னும் மேலோட்டமாக நிற்கும் அந்த முதற் சில நிமிடங்களில், தேய்ப்பது அதனை வேர்வரை புகுத்துவதாகும். அத்துடன் இழையின் முறுக்கும் அவிழ்ந்துவிடும். பின்னர் கறை போனாலும் அவ்விடம் பரட்டைத்தலை போலத் தனித்துத் தெரியும்.

செய்ய வேண்டியது ஒற்றுதலே. கெட்டிப் பொருளாயின் கரண்டியின் முனையால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்தெடுக்க. திரவமாயின் வெள்ளைத் துவாய் ஒன்றை மடித்து வைத்து உள்ளங்கையால், வேண்டுமாயின் குதிக்காலால், அழுத்துக. நிறத்துணி வேண்டாம், அதன் சாயமும் சேர்ந்துகொள்ளும். துவாயின் புதுப்புறத்தை மாற்றி மாற்றி, அதில் ஈரம் ஏறாத வரை அழுத்துதல் வேண்டும். மருந்து எதுவுமின்றி இவ்வொன்றினாலேயே பாதிக் கறை வெளியேறிவிடும் என்பது எமது அனுபவம்.

இதன்பின் குளிர்நீரைத் துணியில் நனைத்து ஒற்றுக. நேரே ஊற்றுதல் கூடாது. ஊற்றிய நீர் கறையையும் ஏந்திக்கொண்டு அடித்தளத்தை அடையும். அன்று மாலை கறை போய்விட்டதென்று மகிழ்ந்திருப்போம். மறுநாட் காலையில் அதே இடத்தில் அது மறுபடி நிற்கும். பலர் இதனைக் கண்டு, மருந்து சரியில்லை என்று இன்னும் கடுமையான மருந்தைத் தேடுகிறார்கள். மருந்திற் குறையில்லை. விளக்கின் அடியிலுள்ள எண்ணெய் திரி வழியே ஏறுவது போல, அடித்தளத்தில் தங்கிய கறைநீர், மேற்பரப்பு உலர உலர மயிர் வழியே ஏறி நுனியில் வந்து படிகிறது. ஆதலின் வேலை முடிந்ததும், நன்கு மடித்த வெள்ளைத் துணிக்கட்டு ஒன்றை அவ்விடத்தில் வைத்து, அதன்மேற் கனமான புத்தகங்களையோ, பொலித்தீன் உறையிட்ட செங்கற்களையோ ஏற்றி இரவு முழுவதும் விட்டுவிடுக. ஏறும் கறை மயிர் நுனியில் நில்லாது துணிக்குப் போய்விடும். கம்பளப் பராமரிப்பிலே நாம் அறிந்த தந்திரங்களுள் இதனைப் போலச் செலவற்றதும் பயன்மிக்கதும் வேறில்லை.

தேநீர்

1867 ஆம் ஆண்டில் யேம்சு தெயிலர் லூல்கந்துரவிற் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலை நட்ட நாள் முதல், இந்நாட்டு விரிப்புகளின் தலைவிதியும் அதனுடன் பிணைந்துவிட்டது. எமக்கு வரும் கடிதங்களில் தேநீருக்கே முதலிடம்.

தேநீர் கறை மட்டுமன்று, சாயமுமாகும். தேயிலைச் சாற்றிற் கம்பளி நூலை இட்டுக் காய்ச்சிப் பழுப்புநிறம் ஏற்றுவது சாயந்தோய்ப்போர் அறிந்த முறை. கறையின் மேற் கொதிநீர் ஊற்றுபவர் அறியாமலே அதனைத்தான் செய்கிறார். பால்தேநீராயின் இன்னொரு கேடும் சேரும். சூடு பட்டதும் பாலின் புரதம் திரைந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். சவர்க்காரக் கட்டியோ காரமானது. தேயிலையின் தனின் காரத்திற் கருக்கும். தேசிக்காய்ப் புளி விட்ட தேநீர் வெளிறுவதையும் அப்பச்சோடா இட்ட தேநீர் கறுப்பதையும் அடுக்களையில் எவரும் கண்டுகொள்ளலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே சுண்ணக்கல்லூடு ஊறிவரும் கிணற்று நீர் வன்னீராதலின், சவர்க்காரம் நுரைக்காமல் வெண்பிசினாகத் திரைந்து இழைகளில் தங்கும். தங்கிய பிசின் நாளடைவில் தூசியைப் பிடிக்கும்.

ஆகவே, ஒற்றி முடித்த பின் ஒரு கோப்பைக் குளிர்நீரிற் பாத்திரம் கழுவும் திரவம் கால் தேக்கரண்டி மட்டும் கலந்து, அதில் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றுக. அளவு கூடினால் நன்மை கூடும் என்று எண்ணலாகாது. நுரையைப் போக்குவதே பெருவேலையாகிவிடும். அடுத்து, வினாகிரி ஒரு பங்கும் நீர் இரு பங்குமாகக் கலந்து ஒற்றுக. பின்னர் வெறும் நீர். பின்னர் நாம் முன்னே கூறிய துணிக்கட்டும் பாரமும். இவ்வளவிற்கும் பின் வெளிர்நிற விரிப்பிலே மங்கலான பழுப்பு எஞ்சியிருப்பின், மருந்துக் கடையில் விற்கும் 3 சதவீத ஐதரசன் பரவொட்சைட்டை மறைவான மூலையிற் சோதித்த பின் சில துளி இடலாம். அடர்ந்த நிற விரிப்பில் அதனை நாடாதிருத்தலே நன்று. அதுவும் நிறம் வெளிற்றுவதே. கோப்பிக்கும் இதே முறைதான்.

மஞ்சளும் வெற்றிலையும்

மேனாட்டார் எழுதிய இல்லப் பராமரிப்பு நூல்களைப் புரட்டினால் திராட்சை மதுக் கறைக்குப் பல பக்கங்கள் இருக்கும். மஞ்சட் கறையைப் பற்றி ஒரு வரியாவது இருப்பது அரிது. எமது வீடுகளில் நிலை நேர்மாறு. பந்தியிற் கறிச்சட்டி சரிந்தால் மஞ்சள். திருமண வீட்டில் மஞ்சளும் குங்குமமும். பெரியவர்கள் கூடினால் வெற்றிலை.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்க்குமின். அது நீரிற் கரையாது. ஆதலின் எவ்வளவு நீர் விட்டாலும் போகாது. காரம் பட்டால் சிவக்கும். வெள்ளை வேட்டியில் மஞ்சள் பட்ட இடம் சவர்க்காரம் கண்டதும் இரத்தம் போலச் சிவப்பதைப் பார்த்துத் திடுக்கிடாத புதுமணப்பெண் இல்லை. அஞ்ச வேண்டியதில்லை, தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ பட்டால் அது பழையபடி மஞ்சளாகும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துக் குங்குமம் செய்யும் எமது பழைய முறையும் இதே மாற்றத்தைக் கொண்டதே. குர்க்குமினுக்கு இரண்டு பகைவர் உளர். ஒருவர் அற்ககோல். மருந்துக் கடையில் வாங்கும் ஸ்பிரிட்டை வெள்ளைத் துணியில் இட்டு ஒற்றினால் மஞ்சள் கரைந்து துணிக்கு ஏறும். விரிப்பில் நேரே ஊற்றினால் அடித்தளப் பசை இளகிவிடும். துணியில் மட்டுமே நனைக்க வேண்டும். அடுப்பும் ஊதுபத்தியும் அருகில் இருத்தலாகாது. மற்றப் பகைவர் சூரியன். வெயில் பட மஞ்சள் தானே மங்கும். ஆனால் வெயில் கம்பளத்தின் நிறத்தையும் விட்டுவைக்காதே என்பீர்கள். பழைய படுக்கை விரிப்பொன்றிற் கறையின் அளவிற்குத் துளையிட்டுக் கம்பளத்தின்மேல் விரித்து, கறை மட்டும் வெயில் காணும்படி சில மணி நேரம் விட்டு விட்டுப் பாருங்கள். போதுமான அளவு மங்கியதும் நிறுத்திவிடலாம்.

வெற்றிலைக் கறை இதனிலும் கடியது. பாக்கின் தனினும் சுண்ணாம்பின் காரமும் வாயிலே கூடிப் பிறக்கும் சிவப்பு அது. முதலிற் காரத்தை அடக்க வேண்டும். ஆதலின் வினாகிரிக் கலவையால் ஒற்றித் தொடங்குக. பின் பாத்திரத் திரவக் கலவை, பின் நீர். புதுக்கறை பெரும்பாலும் இறங்கிவிடும். ஒரு வாரம் ஊறிய வெற்றிலைக் கறை கம்பளியிலிருந்து முற்றாகப் போகும் என்று எவராவது உறுதி கூறினால் நாம் நம்பமாட்டோம். படிக்கம் என்றொரு பாத்திரத்தை எம் முன்னோர் வீணுக்குச் செய்து வைக்கவில்லை.

எண்ணெயும் பிறவும்

தேங்காயெண்ணெய்க்கு ஒரு தனிக்குணம் உண்டு. ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழ் அது உறைந்துவிடும். நுவரெலியாவில் வாழ்பவர்கள் போத்தலில் நாள்தோறும் காண்பதே. தலைக்கெண்ணெயோ பொரியலெண்ணெயோ கொட்டினால், பொலித்தீன் பையிற் பனிக்கட்டியை இட்டு அவ்விடத்தில் வைத்து, உறைந்ததைக் கரண்டியால் வழித்தெடுக்கலாம். எஞ்சியதன்மேற் சோளமாவையோ முகப்பவுடரையோ தூவி ஓரிரு மணி நேரம் விட்டு உறிஞ்சி எடுத்த பின், பாத்திரத் திரவக் கலவையால் ஒற்றுக. அரிசிமாவும் உதவும், ஆனால் தூவிவிட்டு மறந்து போனால் எண்ணெய்க் கறையைக் காண வந்தவர் எறும்பு ஊர்வலத்தைக் காண்பார்.

இரத்தம், முட்டை, பால் ஆகியவற்றிற்குக் குளிர்நீரன்றி வேறு நீர் ஆகாது. மெழுகிற்கும் பனிக்கட்டியே. குமிழ்முனைப் பேனா மைக்கு ஸ்பிரிட்டு. கதிரைக் காலின் கறள் பட்டிருப்பின் தேசிக்காய்ப் புளியும் உப்பும் இட்டுச் சற்றுப் பொறுத்து நன்கு அலசி எடுக்க. சேறு ஒன்றுதான் விதிவிலக்கு. அதனை உடனே தொடக்கூடாது. காயவிட்டுத் தட்டினால் முக்காற் பங்கும் மண்ணாக உதிர்ந்துவிடும்.

குழந்தை அல்லது பூனை நனைத்த இடத்தைப் பற்றிச் சிறிது அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாற்றம் போகட்டும் என்று வெளிற்றும் திரவத்தை ஊற்றுவோர் உளர். சிறுநீரிலிருந்து பிறக்கும் அமோனியா அதனுடன் சேர்ந்து மூச்சுக்குழலை எரிக்கும் வாயுவை எழுப்பும். வினாகிரியும் வெளிற்றும் திரவமும் சேர்ந்தாலோ வெளிவருவது குளோரீன் வாயு; 1915 ஆம் ஆண்டில் பெல்சியத்தின் ஈப்பர் போர்முனையிலே போர்வீரரை வீழ்த்தியது அதே வாயுதான். எமது சகோதரி வெளிற்றும் தூளை ஊற்றுவதற்கு முன் வினாகிரியையும் முயன்று பார்த்திருந்தால், இழப்பு ஒரு கம்பளத்தோடு நின்றிராது. கதவடைத்த அறையில், தரையோடு தரையாகக் குனிந்திருந்து, பிள்ளைகளும் சூழ நிற்க நாம் செய்யும் வேலை இது. ஒரு மருந்து பயன் தரவில்லையென்றால் அதனை நீர்விட்டு முற்றாக ஒற்றி எடுத்த பின்னரே அடுத்ததைத் தொடுக. வெளிற்றும் தூளோ இப்பகுதிக்கு வரவே வேண்டாம். அது கிணற்றோடு நிற்கட்டும். சிறுநீருக்கு ஒற்றலும், நீரும், நீர் கலந்த வினாகிரியும் போதும்.

பழைய இல்லக் குறிப்பு நூல்களை வைத்திருப்போர்க்கும் ஓர் எச்சரிக்கை. எண்ணெய்க் கறைக்குக் காபன் நாற்குளோரைட்டையும் பெற்றோலையும் அவை தயங்காது விதிக்கும். முன்னையது ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. அமெரிக்காவில் 1970 ஆம் ஆண்டிலேயே வீட்டுப் பாவனைப் பொருள்களிலிருந்து அது விலக்கப்பட்டது. பின்னையதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பாட்டியார் காலத்து நூல் என்பதற்காக அந்தப் பக்கங்களையும் போற்ற வேண்டியதில்லை.

மணலும் ஈரமும்

கறையாற் கெடும் விரிப்புகளிலும் மணலால் தேய்ந்து மடியும் விரிப்புகளே மிகுதி. கண்ணுக்குத் தெரியாத மணற்பரல்கள் மயிரின் அடியில் இறங்கி, நாம் மிதிக்கும்தோறும் சிறு கத்திகள் போல வேரை அறுக்கின்றன. மணல் முற்றம் உள்ள வீடுகளில் வாசலிலே தும்புக் கால்விரிப்பும், செருப்பைக் கழற்றும் வழக்கமும் எந்த மருந்தினும் மேலானவை. தூசி உறிஞ்சும் பொறி உடையவர்கள் வாரத்திற்கு இருமுறை மெதுவாக இழுத்தாற் போதும். இப்பொறியின் முன்னோடிகளுள் ஒன்றை 1901 இல் இங்கிலாந்துப் பொறியியலாளர் ஹூபேட் செசில் பூத் செய்தபோது, அது குதிரை வண்டியில் ஏறித் தெருவிலே நின்றது. நீண்ட குழாய்கள் மாத்திரம் யன்னல் வழியே வீட்டினுள் நுழைந்தன. 1902 இல் ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கென வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக் கம்பளங்களை அதுவே துப்புரவாக்கிற்று. பொறி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். விரிப்பைக் கவிழ்த்துப் போட்டு அடிப்புறத்தில் தடியால் மெல்லத் தட்டுங்கள். பின் நகர்த்திப் பார்த்தால் நிலத்தில் மணல் கோலமிட்டிருக்கும். அதன்பின் மயிர் சாயும் திசையிலே மெல்லிய தும்புத்தடியாற் கூட்டினாற் போதும்.

கம்பளியில் நீரே படலாகாது என்று கருதுவோரும் உளர். ஈரானிலே காசானுக்கு அண்மையிலுள்ள மஷ்ஹதே அர்தஹாலில், ஆண்டுதோறும் ஒரு கம்பளத்தை ஓடைக்கரைக்குச் சுமந்து சென்று கழிகளால் நீர் தெளித்துக் கழுவும் சமயச் சடங்கு இன்றும் நடைபெறுகிறது. 2012 இல் யுனெஸ்கோ அதனை மானிடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. கம்பளி குளிர்நீரை வெறுப்பதில்லை. அது தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நீரை, கைக்கு ஈரம் தெரியாமலே தன்னுள் வைத்திருக்க வல்லது. ஆபத்தும் அங்கேதான் உள்ளது. காய்ந்துவிட்டதென்று நாம் நம்பும் கம்பளம் பெரும்பாலும் காய்ந்திராது.

சைபீரியாவின் அல்த்தாய் மலைப்பகுதியில் 1949 இல் ருசியத் தொல்பொருள் ஆய்வாளர் செர்கேய் ருடென்கோ ஒரு கல்லறையிலிருந்து எடுத்த கம்பளம் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடையது. மான்களும் குதிரை வீரரும் இன்றும் அதிலே தெளிவாகத் தெரிகின்றனர். அது பிழைத்தது, கல்லறையினுட் புகுந்த நீர் உறைந்து பனிக்கட்டியாகவே நின்றமையால். எமது நாட்டு நீர் உறைவதில்லை, புழுங்குகிறது. ஒக்டோபர் முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று வீசும் காலத்தில் நனைந்த கம்பளத்திலே இரண்டு நாளிற் பூஞ்சணம் தொடங்கிவிடும். ஆகவே மாரியிற் கம்பளம் கழுவ முற்படவே வேண்டாம். பங்குனி சித்திரையிலே, காற்றுள்ள நாளில், காலையிலே தொடங்குக. உலர்த்தும்போது நிறப்புறம் கீழே இருக்கட்டும். மதில்மேல் அகலமாகப் போட வேண்டும். ஒரே கயிற்றில் தொங்கவிட்டால் நீரின் பாரமே அடித்தள நூலை அறுத்துவிடும். காய்ந்ததா என்று அறிய, மயிரை விலக்கி அடியில் ஒரு துண்டு மெல்லிய கடதாசியை வைத்து அழுத்திப் பாருங்கள். கடதாசி துவண்டால் இன்னும் ஒரு பகல் வேண்டும்.

வெள்ளம் புகுந்த வீடுகளின் நிலை வேறு. மழைநீர் மட்டும் கூரையால் ஒழுகி நனைந்த விரிப்பை அன்றே தூக்கி, நீரை மிதித்து வெளியேற்றி, மின்விசிறியும் திறந்த யன்னலுமாக இரண்டு நாளில் உலர்த்த முடிந்தாற் காப்பாற்றலாம். நனைந்த கம்பளத்தை ஒருவர் தனியே தூக்கலாகாது; முதுகு பிடித்துக்கொள்ளும். சுருட்டி இருவராக எடுங்கள். மலகூடக் குழியும் தெருக் கானும் கலந்து வந்த வெள்ளத்திற் கிடந்த விரிப்பு எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், எவர் கொண்டு வந்து தந்ததாயினும், அதனை வீட்டினுள் மீண்டும் விரித்துப் பிள்ளைகளைத் தவழ விடாதீர்கள். படம் பிடித்து வைக்க விரும்பினால் வைத்துக்கொள்ளுங்கள், விரிப்பை வெளியேற்றிவிடுங்கள்.